அரண்மனைக் கூரையை விட்டுப் போன பறவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்து இறங்கிய ஐரோப்பியப் பிரயாணிகள் தங்கள் குறிப்புகளில் எழுதிவைத்த விசேஷங்களுள், ஹூக்ளி நதியின் அகலத்துக்கும் சௌரங்கி மாளிகைகளின் வெண்மைக்கும் அடுத்தபடியாக, ஒரு பறவையும் இடம் பெற்றிருக்கிறது. ஏறத்தாழ 5 அடி உயரமும், வழுக்கைத் தலையும், ஆப்பு போன்ற கனத்த அலகும், கழுத்தின் முன்னால் தொங்கும் செந்நிறப் பையுமாக, வெல்லெஸ்லி பிரபு கட்டி 1803இல் முடித்த கவர்னர் ஜெனரல் மாளிகையின் கூரையோரத்திலும், அதன் வாயில்களின் மேல் அமர்ந்திருந்த சிங்கங்களின் தலையிலும், மணிக்கணக்காக அசையாமல் நின்றுகொண்டிருந்த அந்தப் பறவையைக் கண்டு, அதுவும் சிற்பிகள் வைத்த அலங்காரம்தானோ என்று மயங்கியவர்கள் உண்டு. அதன் விறைப்பான நடையைப் பார்த்த ஆங்கிலேயர்கள் ராணுவ அதிகாரி ஒருவரின் பதவிப் பெயரை எடுத்து 'அட்ஜுட்டன்ட்' என்று அதற்குச் சூட்டினார்கள். வங்காளிகளுக்கு அது ஹாட்கிலா. தமிழில் பறவை நூல் எழுதுவோர் பெருநாரை என்கிறார்கள். இன்று கல்கத்தாவாசி ஒருவர் அதைக் காண விரும்பினால் அஸ்ஸாமுக்கோ பீகாருக்கோ ரயிலேற வேண்டும்.

அக்காலத்தில் அதற்கு இந்த நகரத்தில் என்ன வேலை என்று கேட்டால், முனிசிபாலிடி செய்யத் தவறிய வேலை அனைத்தும் என்று பதில் சொல்லலாம். கசாப்புக் கடைகளின் கழிவு, சமையலறைகளிலிருந்து தெருவில் எறியப்பட்ட எலும்பு, சாக்கடையோரத்துப் பிராணிகளின் பிரேதம், இவை போதாவென்று, விறகு வாங்க வகையில்லாத ஏழைகள் அரைகுறையாக எரித்தோ எரிக்காமலோ நதியில் விட்ட மனித உடல்கள்—எல்லாவற்றையும் காகங்களோடும் பருந்துகளோடும் கழுகுகளோடும் பங்கிட்டுக்கொண்டு தீர்த்துவந்தது பெருநாரை. காளிகாட்டுக் கோயிலை ஒட்டி ஓடும் ஆதிகங்கைக் கரையிலிருந்து வடக்கே படித்துறைகள் நெடுகிலும் இதற்குக் குறைவில்லாமல் ஆகாரம் கிடைத்தது. பறவையின் உபயோகத்தை உணர்ந்த ஆட்சியாளர் அதைக் கொல்வோருக்கு 50 ரூபாய் அபராதம் என்று சட்டம் செய்தனர். அந்த நாளில் அது ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். 1896இல் நகரத்துக்கென்று ஒரு மரபுச் சின்னம் வழங்கப்பட்டபோது, கேடயத்தின் இரு பக்கத்திலும் அலகில் பாம்பைக் கவ்விய பெருநாரைகள் இரண்டு நிறுத்தப்பட்டன. அந்தக் கௌரவம் கிட்டிய சமயத்தில் பறவை நகரத்தை விட்டு ஏறக்குறையப் போய்விட்டிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பார்வைக்கு அவலட்சணமான இந்தப் பறவையின் உடலமைப்பு, அதன் ஜீவனத்தோடு பொருத்திப் பார்க்கும்போது, மிகவும் அர்த்தமுள்ளதாகத் தோன்றும். செத்த மிருகத்தின் வயிற்றுக்குள் தலையை நுழைத்துத் தின்னும் ஒரு ஜீவனுக்குத் தலையிலும் கழுத்திலும் அடர்ந்த இறகுகள் இருந்தால், இரத்தமும் நிணமும் அவற்றில் ஒட்டி உலர்ந்து, அலகு எட்டாத அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வழியில்லாமல் நோய்க்கு இருப்பிடமாகும். ஆகவேதான் கழுகுகளைப் போல இதற்கும் வழுக்கை வாய்த்திருக்கிறது. கழுத்துப் பை வெகுகாலம் வரையில் தின்ற இரையைச் சேமித்து வைக்கும் மடிச்சீலை என்றே கருதப்பட்டுவந்தது. 1825இல் ஜான் ஆடம் என்ற வைத்தியர் ஒரு பறவையை அறுத்துப் பார்த்து, பை இரண்டு அடுக்குத் தோலால் ஆனது, அதனுள் இருப்பது காற்றே, இரைக்குழாயோடு அதற்குச் சம்பந்தமில்லை என்று கண்டறிந்தார். இனப்பெருக்க காலத்தில் அது பளிச்சென்ற செம்மஞ்சள் நிறம் பெறுகிறது என்பதிலிருந்து, துணையைக் கவர்வதில் அதற்குப் பங்கு இருக்கலாம் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

கால்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெருநாரையின் கால்கள் இயற்கையில் கருஞ்சாம்பல் நிறமுடையவை. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குச் சுண்ணாம்பு பூசியவை போல வெளுத்துத் தோன்றும். தன் நீர்த்த எச்சத்தைத் தானே கால்களின் மேல் விட்டுக்கொள்வதுதான் காரணம். அசுத்தமான பழக்கம் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. வியர்வைச் சுரப்பிகள் இல்லாத பறவைக்கு அந்த ஈரம் ஆவியாகும்போது காலின் இரத்தம் குளிர்ந்து, அந்தக் குளிர்ச்சி உடம்பெங்கும் பரவுகிறது. 1963இல் கால் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தம் நாட்டு நாரை இனம் ஒன்றை வைத்து இதை நிரூபித்தார். வைசாக மாதத்துக் கல்கத்தாவில் கூரைமேல் வெயிலில் நிற்க நேர்ந்த பறவைக்கு இதைவிடச் சிக்கனமான உபாயம் கிடைத்திருக்காது. குரலெழுப்பும் தசைகள் இல்லாமையால், கூட்டில் இருக்கும்போது எழுப்பும் தாழ்ந்த உறுமலைத் தவிர, அலகுகளைத் தட்டுவதே இதன் பேச்சு. மற்ற நாரைகளில் பெரும்பாலானவை கழுத்தை நீட்டிப் பறக்க, இதுவோ கொக்கைப் போலக் கழுத்தை மடக்கிக்கொண்டு, 8 அடி விரியும் சிறகுகளை அசைக்காமல், வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றின் மேல் சுழன்று சுழன்று உயரும். காலையில் தரை சூடேறும் வரையில் சோம்பேறியைப் போல நிற்பதற்கும் இதுவே காரணம். எரிபொருளை வீணாக்க அதற்கு இஷ்டமில்லை.

இதன் பெருந்தீனியைப் பற்றிய கதைகளுக்கு அளவில்லை. ஒரு பறவையின் தொண்டையில் 10 அங்குல நீளமுள்ள ஆமையும், இரைப்பையில் முழுக் கறுப்புப் பூனையும் இருந்தனவென்று பதினெட்டாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. ருட்யார்ட் கிப்ளிங் 1895இல் வெளியிட்ட 'இரண்டாவது ஜங்கிள் புக்' கதைகளுள் ஒன்றில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டித் துண்டை இரையென்று எண்ணி விழுங்கிய பெருநாரை, உள்ளே மூண்ட குளிரின் வேதனையில் ஆடிய ஆட்டத்தைத் தானே விவரிக்கிறது. அந்தப் பனிக்கட்டி வியாபாரம் 1833இலிருந்து கல்கத்தாவில் உண்மையாகவே நடந்தது என்பதனால் கதையைக் கதையென்று முழுவதும் தள்ளிவிடுவதற்கில்லை. இவ்வளவு அழுக்கில் உழன்ற பறவையின் வாலடியில் இருந்த மிருதுவான வெண்ணிற இறகுகளைக் குமார்க்காளி என்ற வங்காள ஊரின் பெயரால் ஏற்றுமதி செய்ய, அவற்றை ஐரோப்பியச் சீமாட்டிகள் தொப்பியிலும் கழுத்தணியிலும் சூடிக்கொண்டதும் சரித்திரம்தான்.

ஆனால் இந்தப் பறவையின் வாழ்க்கையில் கல்கத்தா பார்த்தது பாதியைத்தான். கோடையில் வந்து சேர்ந்து மழைக்காலம் முழுவதும் நகரத்தில் உலவிய பெருநாரைகள், குளிர்காலம் நெருங்கியதும் காணாமற் போய்விடும். அவை எங்கே போகின்றன, எந்த மரத்தில் கூடு கட்டுகின்றன என்பது நகரத்தில் பட்சி சாஸ்திரம் பயின்றவர்களுக்கு நெடுநாள் புதிராக இருந்தது. சர் வில்லியம் ஜோன்ஸ் 1784இல் நிறுவிய ஆசியக் கழகமும், 1841 முதல் இருபதாண்டுக்கு மேல் அதன் காட்சிசாலையைப் பேணிய எட்வர்ட் பிளைத் போன்ற மேதைகளும் இருந்த ஊர் அது. ஆசியாவின் பறவைகளுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருந்த அந்த ஊருக்குத் தன் கூரைமேல் நிற்கும் பறவையின் பிறப்பிடம் தெரியவில்லை. 1870களில்தான் விடை வந்தது. பர்மாவில் பெகுவுக்கு அப்பால், சிட்டவுங் நதியின் பக்கத்துக் காடுகளில், கூழைக்கடாக்களோடு கலந்து, கண்ணுக்கெட்டிய தூரம் மரத்துக்கு மரம் கூடாக, எண்ணி மாளாத பெருநாரைகள் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தன.

மழைக்காலத்தில் நகரமும் குளிர்காலத்தில் காடும் என்று அந்தப் பறவை ஏன் வருஷத்தைப் பிரித்துக்கொண்டது என்று யோசித்தால், அதன் முன்யோசனையை—பறவைக்கு அப்படி ஒன்று உண்டென்று சொல்லலாமானால்—மெச்சத் தோன்றும். மழை நின்றபின் வெள்ளம் வடிய வடிய, பரந்து கிடந்த நீரெல்லாம் குட்டைகளாகச் சுருங்குகிறது. அத்தனை மீனும் அந்தக் குட்டைகளில் நெருங்கிவிடுகிறது. மூன்று குஞ்சுகளுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் ஓயாமல் ஊட்ட வேண்டிய தாய்தந்தையருக்கு அதைவிட வாய்ப்பான பருவம் இல்லை. மறுபடி மழை பிடித்து நீர் விரிந்து மீன் சிதறிவிட்டால், வேட்டை கஷ்டமாகிறது. அப்போது கல்கத்தாவின் குப்பை கைகொடுக்கிறது. நகரம் பெருநாரைக்குப் பிறந்தகமும் அல்ல, புக்ககமும் அல்ல. பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டி.

நகரம் திருந்தியது. 1860களிலும் 70களிலும் வில்லியம் கிளார்க் என்ற இஞ்சினியரின் திட்டப்படி தரைக்கு அடியில் சாக்கடைகள் கட்டப்பட்டன. பல்தாவிலிருந்து வடிகட்டிய குடிநீர் குழாயில் வந்தது. பிணங்களை நதியில் தள்ளும் வழக்கம் தடுக்கப்பட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெருநாரை அபூர்வக் காட்சியாகிவிட்டது. சுகாதாரம் வந்தது, பறவை போயிற்று என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அது முழு விடையாகப் படவில்லை. கஞ்சித்தொட்டி மூடப்பட்டால் ஜனங்கள் வேறிடம் போவார்களேயன்றி வம்சமே அற்றுப்போக மாட்டார்கள். இதே காலத்தை ஒட்டி பர்மாவின் அந்தக் காடுகளில் கோடரி விழுந்தது. சிட்டவுங் கரையின் மாபெரும் குடியிருப்பு அடுத்த நூற்றாண்டில் சில பத்தாண்டுகளுக்குள் சுவடின்றி மறைந்தது. கல்கத்தாவில் 50 ரூபாய் அபராதம் போட்ட அதே சாம்ராஜ்யத்தின் ஆட்சியில்தான் கூடு இருந்த மரங்களும் வெட்டப்பட்டன. சட்டம் பறவையைப் பார்த்தது. பறவையின் வருஷத்தைப் பார்க்கவில்லை.

சாக்கடைகள் அழுக்கை அழித்துவிடவில்லை, கிழக்கே தள்ளின என்பதும் கவனிக்கத்தக்கது. நகரத்துக் கழிவுநீர் சென்று சேர்ந்த உப்பு ஏரிகளை, வித்யாதரி நதி தூர்ந்துபோன பிறகு, மீனவர்கள் பேரி என்னும் மீன்குளங்களாக மாற்றினார்கள். ஆழங்குறைந்த குளத்தில் வெயில் படப் பட, பாசி பெருகிப் பிராணவாயு வெளியிட, அந்த வாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க, பாசியை மீன் தின்ன, மீனை நகரம் தின்னும் இந்த ஏற்பாட்டின் அருமையை 1980களில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர், மாநில அரசின் சுகாதார இஞ்சினியராக இருந்து 2018இல் காலமான துருவஜோதி கோஷ். 1992இல் உயர் நீதிமன்றம் அப்பிரதேசத்தை வேறு காரியங்களுக்கு மாற்றக் கூடாதென்று தீர்ப்பளித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு சதுப்புநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நீர்க்காகமும் கொக்கும் மீன்கொத்தியும் தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியும் அங்கே இன்றும் வாழ்கின்றன. ஆயினும், இன்றைய சால்ட் லேக் நகரம் எழுவதற்காக 1960களில் அந்த ஏரிகளின் ஒரு பெரும்பகுதி ஹூக்ளியின் மணலால் நிரப்பப்பட்டதை மறந்துவிட்டு மிச்சமிருப்பதை மட்டும் போற்றுவது நியாயமாகாது.

நதிக்கு மேற்கே, ஹௌராவின் சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டி, ரயில்வேக்குச் சொந்தமான ஏரி ஒன்று இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 13 ஹெக்டேர்தான். சுற்றிலும் வீடுகள், பக்கத்தில் ஓயாமல் வண்டிகளின் இரைச்சல். குளிர்காலம் வந்ததும் ஆயிரக்கணக்கான தாராக்கள் அங்கே வந்து இறங்குகின்றன. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் வரும் ஊசிவால் வாத்துகளும் கருவால் வாத்துகளும் அவற்றில் சிறுபான்மை. பெரும்பான்மை, வங்காளிகள் சராலி என்றும் நாம் சீழ்க்கைத் தாரா என்றும் சொல்லும் உள்நாட்டு வாத்து. பறக்கும்போது சீழ்க்கையடிப்பதும், மரப்பொந்திலும் காகமோ பருந்தோ கைவிட்ட பழைய கூட்டிலும் முட்டையிடுவதும் அதன் சுபாவம்.

இந்த ஏரியில் பகலில் அவற்றைப் பார்ப்பவர்களுக்கு, இவை தின்பதே இல்லையோ என்ற சந்தேகம் எழும். நாள் முழுவதும் ஆகாயத்தாமரைத் திட்டுகளின் மேல் நெருக்கியடித்துக்கொண்டு தூங்கும். அந்தி சாய்ந்ததும் கூட்டங்கூட்டமாக எழும்பி, நெல்வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் சென்று, இரவெல்லாம் தானியமும் நீர்ச்செடியும் நத்தையும் மேய்ந்து, விடியுமுன் திரும்பும். ஏரி அவற்றுக்குப் படுக்கையறை மட்டுமே, சாப்பாட்டறை வேறிடத்தில். இத்தனை நெருக்கம் ஏன் என்பதற்கும் விஞ்ஞானத்தில் ஒரு சுவையான விளக்கம் உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1999இல் மல்லார்டு என்னும் வாத்தை வரிசையாகப் படுக்கவைத்துச் சோதித்தபோது, வரிசையின் ஓரத்தில் இருந்தவை வெளிப்புறத்துக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிடுவதைக் கண்டார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரு கண்ணையும் மூடி நிம்மதியாகத் தூங்கின. சீழ்க்கைத் தாராவுக்கும் இது பொருந்துமானால், கூட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஓரத்தில் காவல் இருக்க வேண்டியவர்களின் விகிதம் குறைகிறது.

இந்த ஏரியைப் பராமரிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆகாயத்தாமரையை அப்படியே விட்டால் நீர்ப்பரப்பே மறைந்து, வடக்கிலிருந்து வரும் வாத்துகளுக்கு இறங்க இடமிராது. அடியோடு வாரி எறிந்தால் சராலிக்குப் படுக்கை இராது. ஆகவே குளிர்காலத்துக்கு முன்னால் பெரும்பகுதியை அகற்றி, இங்குமங்குமாகத் தீவுகள் போலத் திட்டுகளை விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. களையென்று நாம் தூற்றும் ஒரு செடிக்கு இப்படியும் ஒரு மதிப்பு. இரவில் அவை மேயப்போகும் வயல்களுக்கோ இத்தகைய கவனிப்பு கிடையாது. கரையில் நின்று பறவைகளை எண்ணுகிறவர்களும் அந்தியோடு வீடு திரும்பிவிடுகிறார்கள்.

பெருநாரையோடு எச்சிலைப் பங்கிட்ட கழுகுகளின் கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் தாண்ட முடியாது. 1990களில் அவை இந்தியாவெங்கும் கொத்துக்கொத்தாக மடிந்தன. மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, மாடு செத்தபின் அதன் இறைச்சி வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததுதான் காரணமென்று 2004இல் தெளிவாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. வடவங்காளத்தின் பக்ஸா காட்டில் ராஜாபாத்காவாவில் கழுகுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்க வேண்டிய நிலைமைக்கு நாம் வந்திருக்கிறோம். எமன் ஆகாரத்துக்குள்ளேயே இருந்த அந்தக் கழுகின் விஷயத்தில் ஒரு மருந்துச் சீட்டை மாற்றினால் பாதிப் பரிகாரம் கிடைக்கும். பெருநாரைக்கு அவ்வளவு சுலபமான வழி இருக்கவில்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகம் முழுவதிலும் எஞ்சியிருந்த பெருநாரைகள் ஆயிரத்தை ஒட்டியே இருக்குமென்று மதிப்பிடப்பட்டது. கம்போடியாவின் தோன்லே சாப் ஏரிப்பக்கம் சில, பீகாரில் பாகல்பூர் அருகே, கங்கையும் கோசியும் பாயும் படுகை நிலத்தில் 2006ஐ ஒட்டிக் கண்டறியப்பட்ட கூடுகளில் சில, மற்றவை அஸ்ஸாமில். குவஹாத்திக்கு வெளியே தீபோர் பீல் ஏரியின் ஓரத்தில் நகரத்துக் குப்பை பல ஆண்டுகள் மலைபோலக் குவிக்கப்பட்டது. அங்கே மாடுகளுக்கும் குப்பை பொறுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் பெருநாரைகள் வரிசையாக நின்றதைப் பார்த்தவர்களுக்கு, கல்கத்தாவின் பழைய சித்திரம் ஒன்று கிழக்கே நகர்ந்து போயிருப்பதாகவே தோன்றியிருக்கும். ஆகாரத்துக்கு அங்கே குறைவில்லை, குறை மரத்தில்தான். கூடுகள் இருந்தது அரசாங்கக் காட்டில் அல்ல, காமரூபம் ஜில்லாவின் கிராமங்களில், வீட்டுக் கொல்லையில் நின்ற கடம்ப மரத்திலும் மற்ற உயர்ந்த மரங்களிலும். மரத்தடியில் எச்சமும் அழுகிய மீனும் எலும்பும் நாள்தோறும் விழ, நாற்றம் பொறுக்காத சொந்தக்காரர்கள் மரத்தை வெட்டிப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் முற்றத்தில் பிண நாற்றத்தைச் சகித்துக்கொள்ளும்படி ஒரு குடியானவனிடம் கேட்க, தூரத்தில் குளிர்ந்த அறையில் இருப்பவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? நம் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்து ஜனங்கள் தங்கள் வீட்டு மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுவதைச் சுபமென்று கருதி வந்திருக்கிறார்கள். அஸ்ஸாமியர் ஹர்கிலா என்று அழைக்கும் பெருநாரைக்கு அங்கே அந்தப் பாக்கியம் இருக்கவில்லை. அது பிணந்தின்னி, துர்ச்சகுனம்.

தாதரா கிராமத்தில் அப்படி ஒரு மரம் குஞ்சுகளோடு வெட்டப்பட்டதைக் கண்ட பூர்ணிமா தேவி பர்மன் என்னும் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி, 2007இல் தம் ஆராய்ச்சிப் பட்டத்தை ஒத்திவைத்துவிட்டு அந்த ஊர்ப் பெண்களிடம் பேசத் தொடங்கினார். பறவையின் இரைப் பட்டியலையோ அழிவின் அபாயத்தையோ சொல்லி அவர் யாரையும் திருப்பவில்லை. கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் மங்கலச் சடங்கை, முட்டையிட்ட தாய்ப்பறவைக்காக ஊர்ப்பெண்கள் கூடிச் செய்தார்கள். தறியில் நெய்யும் துண்டிலும் சேலையிலும் ஹர்கிலாவின் உருவம் ஏறியது. அந்த நெசவு வருமானமும் ஆயிற்று. உயரத்துக் கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளைத் தாங்க மரத்தடியில் வலை கட்டினார்கள். 'ஹர்கிலா சேனை' என்று பெயர் பெற்ற அந்தப் பெண்கள் இன்று பத்தாயிரத்துக்கு மேல். தாதரா, பசரியா, சிங்கிமாரி என்னும் மூன்று கிராமங்களில் 28ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின. 2022இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு தன் உயர்ந்த விருதை பர்மனுக்கு அளித்தது. 2023இல் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் பெருநாரையின் நிலை, அழியும் ஆபத்துள்ளது என்பதிலிருந்து, ஆபத்தை அண்டியது என்னும் படிக்கு இறக்கப்பட்டது.

கல்கத்தாவுக்கு அது திரும்புமா என்று சிலர் ஆசையோடு கேட்கிறார்கள். தாபாவில் குப்பைமேடு இருக்கிறது, கிழக்கே மீன்குளங்கள் இருக்கின்றன, மழைக்காலத்தில் இளம் பறவைகள் தூரதேசம் சுற்றுவதும் உண்டு. ஆகவே என்றேனும் ஒன்றிரண்டு வந்து இறங்கினால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அப்படி வருவதும் வராததும் கல்கத்தாவின் கையில் இல்லை. காமரூபத்தில் ஹர்கிலா கூடு கட்டும் மரங்கள் இன்றும் தனியாரின் கொல்லையில்தான் நிற்கின்றன. ஒரு வீட்டில் சகோதரர்களுக்குள் பாகப்பிரிவினை வந்தாலும், மகளின் விவாகத்துக்குப் பணமோ புதிய அறை கட்ட இடமோ வேண்டியிருந்தாலும், அந்த மரத்தை வைத்துக்கொள்வதா விற்றுவிடுவதா என்ற பேச்சு எழாமல் இராது.